இல்லை நோட்டு

கோவில்பட்டியில் எங்கள் சித்தப்பாவின் மளிகைக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் சணல் கயிறு, கயிற்றில் ஒரு 80 பக்க நோட்டு. அட்டையில் எதுவும் எழுதியிருக்காது. கடையில் எல்லோரும் அதை ‘இல்லை நோட்டு’ என்பார்கள். யாராவது ஒரு சாமானைக் கேட்டு, நாம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால், அதை அந்த நோட்டில் எழுத வேண்டும். தேதி, சாமான் பெயர், அவ்வளவுதான். வேறு யாராவது வந்து அதையே கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே.

பரீட்சை லீவுக்குப் போனால் எனக்குக் கிடைக்கும் முதல் உத்தியோகம் அதுதான். தராசுப் பக்கம் விட மாட்டார்கள், கல்லாப் பக்கம் விடவே மாட்டார்கள். கோடு போடலாம். ராத்திரி கடை சாத்தும்போது சித்தப்பா நோட்டைப் புரட்டுவார். கோடு நிறைய விழுந்த சாமான் மறு வாரம் விருதுநகரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இறங்கும். ஒரே ஒரு கோடோடு நின்ற சாமானைப் பார்த்து, “இத யாரு கேட்டா?” என்பார். கேட்டது யார் என்பதைப் பொறுத்து அதற்கும் சில சமயம் யோகம் அடிக்கும்.

2018இல் அந்த ஆணியிலிருந்து நோட்டைக் கழற்றியவள் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எனக்குச் சென்னையில் வேலை. பெரிய கடைகளின் விற்பனைக் கணக்கை வாங்கி, எதை நிறுத்தலாம், எதைக் கூட்டலாம், எந்தக் கிளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று முதலாளிமார் பார்த்து முடிவெடுக்க வசதியாக ரிப்போர்ட்டும் டேஷ்போர்டும் செய்து தருகிற கூட்டத்தில் ஒருத்தி. இப்படி ஒரு பெண் வீட்டில் இருந்தால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை சிட்டையும் பேரேடுமாக ஓடிக்கொண்டிருந்த கடைக்கு ஆடிட்டர் கெடு வைத்தார். சித்தப்பா எனக்கு போன் போட்டார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், சுருள் காகிதத்தில் பில் அடிக்கிற குட்டி பிரிண்டர், ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். எல்லாம் நான் பொறுக்கி வாங்கிக் கொடுத்ததுதான்.

முதல் ஆறு மாதம் நடந்ததை விரிவாகச் சொன்னால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அழுவார்கள், மற்றவர்கள் தூங்குவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். துவரம்பருப்புக்குப் பட்டியலில் நாலு பெயர் இருந்தது. து.பருப்பு, துவரை, டூர் டால், பருப்பு பெரிசு. நாலும் தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தன. சில்லறைச் சாமான் எதற்கும் கோட் நம்பர் தேடப் பொறுமையில்லாமல், பில் போடும் அக்கா ‘இதர’ என்று ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கடையிலேயே அதிகம் விற்கும் சரக்கு ‘இதர’தான் என்று ரிப்போர்ட் வந்தது. சரக்கு காலையில் இறங்கும், அப்போதே விற்க ஆரம்பித்துவிடும், கொள்முதல் பில்லை ஞாயிற்றுக்கிழமைதான் ஏற்றுவார்கள். அதனால் இருப்பு எல்லாம் மைனஸில் நிற்கும்.

“ஏ பாப்பா, கடையில மைனஸ் பன்னெண்டு மூட சீனி இருக்காம்லா. அத எங்க அடுக்கி வச்சிருக்கேன்னு உன் கம்ப்யூட்டரயே கேட்டுச் சொல்லு, நானும் பாக்கேன்.”

இந்த மைனஸ் மூடைகளை ஒழித்துக்கட்டுவதுதான் என் வேலையில் முக்கால்வாசி. பெரிய கம்பெனிகளிலும் இதே கதைதான், அங்கே மூடை மட்டும் லட்சக்கணக்கில் இருக்கும்.

ஒரு வழியாகக் கணக்கு நேரானதும், நான் ஆசையோடு காத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்தேன். அசையாச் சரக்கு. 90 நாளில் ஐந்துக்கும் குறைவாக விற்ற சாமான்கள். 38 வந்தன. பெரும்பாலும் நாட்டு மருந்து அடுக்கில் இருந்தவை. சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், வசம்பு, இப்படி. அந்த அடுக்கு கல்லாவுக்கு நேர் பின்னால், கடையின் நல்ல இடத்தில் இருந்தது. அதைக் காலி பண்ணி, நூடுல்ஸ் கம்பெனிக்காரர்கள் தரும் அலமாரியை வைக்கலாம் என்று சொன்னேன். எண்களை வரிசையாகக் காட்டினேன். சித்தப்பா ரொம்ப நேரம் தாளைப் பார்த்துவிட்டு, “நீ சொன்னா சரி” என்றார். அந்த உற்சாகத்தில்தான் ஆணிப் பக்கம் கையை நீட்டினேன்.

“இந்த நோட்டு இனிமே எதுக்கு சித்தப்பா? எல்லாந்தான் சிஸ்டத்துல இருக்கே.”

இரண்டு மாதம் லாபம் கூடத்தான் செய்தது. அதையும் ஒரு படமாகப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சித்தப்பா கும்பிடு பொம்மை அனுப்பினார்.

மூன்றாம் மாதம் பின் தெருவிலிருந்து வருகிற ஒரு ஆச்சியின் மாச லிஸ்ட் வரவில்லை. அந்த வீட்டில் மூன்று குடும்பம் ஒன்றாக இருக்கிறார்கள். மாதம் பிறந்தால் ரூல் போட்ட தாளில் முழு நீளத்துக்கு லிஸ்ட் வரும், சாமான் மினி ஆட்டோவில் போகும். அப்படி ஒரு வீடு. ஒரு மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. சித்தி கோயிலில் ஆச்சியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். பேரன் பிறந்திருக்கிறான். குழந்தைக்கு உரைக்க வசம்பு வேண்டும். எங்கள் கடையில் இல்லை என்று சொன்னார்களாம். பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் கடையில் இருந்ததாம். போன இடத்தில், வந்தது வந்தோம் என்று லிஸ்ட்டையும் அங்கேயே கொடுத்துவிட்டார்களாம். ஆச்சிக்குக் கோபமெல்லாம் இல்லை. “உங்க கடையிலதான் இப்ப பழைய சாமான் எதுவும் வைக்கிறதில்லையாமே” என்று சாதாரணமாகச் சொன்னாராம்.

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு பெயர் உண்டு. ராத்திரியில் பெயர் சொல்லிக் கேட்கக்கூடாது என்று ‘பேர் சொல்லாதது’ என்றும் சொல்வார்கள். என் ரிப்போர்ட்டில் அது சில ரூபாய்ச் சாமான், 90 நாளில் மூன்று. அதை யார் வாங்குவார்கள் என்று ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. கைக்குழந்தை இருக்கிற வீடு வாங்கும். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் இன்னும் இருபது வருஷத்துக்கு மளிகை வாங்கப்போகிற வீடு. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. 90 நாளில் மூன்றுதான் விற்றது. சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து இந்த ஒரு விஷயம் என்னை விடவில்லை. பில் என்பது விற்றதின் கணக்கு. கேட்டதின் கணக்கு இல்லை. கேட்டு, இல்லையென்று சொல்லி, திரும்பிப் போன ஆளுக்கு பில் கிடையாது. எத்தனை பெரிய கம்ப்யூட்டராக இருந்தாலும் அதற்குள் அந்த ஆள் இல்லவே இல்லை. ‘தேவை’ என்று தலைப்புப் போட்டு நாங்கள் ஆபீஸில் காட்டுகிற படங்கள் பெரும்பாலும் விற்பனைப் படங்கள்தான். தேவை அதற்கு மேலே எங்கோ இருக்கும், அல்லது வேறு கடையில் இருக்கும்.

இது எப்படிச் சுழலில் போய் மாட்டும் என்பதற்கு எங்கள் கடைக் கருப்பட்டியையே சொல்கிறேன். மாதம் 1ஆம் தேதி 10 கிலோ வரும், 9ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடும். மாதக் கடைசியில் ரிப்போர்ட் சொல்லும், கருப்பட்டி மாதம் 10 கிலோதான் போகிறது என்று. அடுத்த மாதமும் 10 கிலோ வரும். நடுவில் ஒரு தடவை லாரி தாமதமாகி 20ஆம் தேதி சரக்கு வந்தது. அந்த மாதக் கடைசிக்குள் 8 கிலோதான் போயிற்று. உடனே சிஸ்டம், கருப்பட்டி இறங்குமுகம், 8 கிலோ போதும் என்றது. சரக்கு இல்லாத நாளையும் விற்காத நாளாக எண்ணி, 30ஆல் வகுத்தால் இப்படித்தான் வரும். வழக்கமான மாதத்து விற்பனையைச் சரக்கு இருந்த நாட்களால் மட்டும் வகுத்தால் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல். மாதத்துக்கு 30 கிலோ தாண்டும். ஆச்சி விவகாரத்துக்குப் பிறகு நான் செய்த முதல் திருத்தம் இதுதான். ரிப்போர்ட்டில் எல்லாச் சாமானுக்கும் எதிரே ‘இருப்பில் இருந்த நாள்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஒரே ஒரு கட்டம். அதைப் போட்ட பிறகு ‘மெதுவாக நகரும்’ பட்டியலில் இருந்த பாதிச் சாமான், ‘எப்போதும் தீர்ந்துபோய்க் கிடக்கும்’ பட்டியலுக்கு மாறியது. நம் தொழிலில் இருக்கிறவர்கள் நாளைக்கே இதைச் செய்து பாருங்கள்.

இந்த இடத்தில் ஜப்பானுக்குப் போய்விட்டு வரலாம்.

1974 மே மாதம், தோக்கியோவில் தோயோசு என்கிற பகுதியில் ஒரு மதுக்கடையை மாற்றி, ஜப்பானின் முதல் செவன்-இலெவனைத் திறந்தார்கள். முதல் விற்பனை ஒரு குளிர்கண்ணாடி, 800 யென் என்பார்கள். (அதே ஆண்டு ஜூன் 26ஆம் தேதிதான் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், பார்கோடு போட்ட முதல் சாமானாக ஒரு சூயிங்கம் கட்டு ஸ்கேனரைக் கடந்தது. ஆறு வார இடைவெளி. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனக்கு இந்த மாதிரித் தேதிகள் பிடிக்கும்.) செவன்-இலெவன் அமெரிக்கச் சரக்குதான், டல்லாஸில் ஐஸ்கட்டி விற்ற கம்பெனியிலிருந்து முளைத்தது. ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் தோஷிஃபுமி சுசுகி. இதோ-யோகாதோ என்கிற பெரிய கடைக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அதற்கு முன் புத்தக விநியோகத்தில் இருந்தவர்.

அந்த முதல் கடையில் என்ன பிரச்சினை தெரியுமா? நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு உடனே புரியும். மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாகத்தான் தருவார்கள். கடை சின்னது. எந்தப் பொருளானாலும் பெட்டி உடைபட்டுத் தீருவதற்குள் பின்னறை நிரம்பி வழிந்தது. முன்னால் அடுக்கில் வேண்டியது இல்லை, பின்னால் வேண்டாதது மலையாக. அப்போது பிடித்த யோசனைதான் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொண்டுவந்து இறக்குவது. கொஞ்சமாக இறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பொருளும் எத்தனை போகிறது என்று தெரிய வேண்டும். அதற்காக 1982இல் கடைகளுக்கு பி.ஓ.எஸ். என்கிற பில் இயந்திரங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் அந்த இயந்திரம் முதலில் பரவியது கல்லாவில் தப்பும் திருட்டும் நடக்காமலிருக்க. ஜப்பானில் இவர்கள் அதை எதை வாங்குவது என்று முடிவு பண்ணப் பயன்படுத்தினார்கள். இரண்டும் ஒரே பெட்டிதான், கேட்ட கேள்விதான் வேறு.

அந்த முறைக்குத் ‘தான்பின் கான்ரி’ என்று பெயர். தான்பின் என்றால் ஒற்றைச் சாமான், கான்ரி என்றால் நிர்வாகம். ‘சோற்றுருண்டை நன்றாகப் போகிறது’ என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தச் சோற்றுருண்டை? உள்ளே என்ன வைத்தது? காலையிலா, மத்தியானத்திலா? எத்தனை மணிக்குத் தீர்ந்தது? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு உயிர். பத்து வந்து பத்தும் விற்றது என்று பில் சொல்லும். காலை பத்து மணிக்கே பத்தும் தீர்ந்ததா, ராத்திரி பத்து மணிக்குத் தீர்ந்ததா? முதலாவது என்றால் பகல் முழுக்க ‘இல்லை’ சொல்லியிருக்கிறோம். வீணாய்ப் போகிற சரக்கு குப்பைத்தொட்டியில் கண்ணுக்குத் தெரியும். இல்லையென்று சொன்ன நஷ்டம் எங்கும் தெரியாது. சுசுகி அந்தத் தெரியாத நஷ்டத்தைத்தான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

இதை முதன்முதலில் படித்தபோது, கோவில்பட்டி ஆணி ஞாபகம் வந்து ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

இன்னொரு விஷயம். சுசுகி காலத்தில் அங்கே ஆர்டர் போட்டது தலைமையகத்துக் கம்ப்யூட்டர் இல்லை. கடையில் நிற்கிற ஆள்தான், பகுதிநேர வேலைக்கு வருகிற கல்லூரி மாணவனும் குடும்பத் தலைவியும் உட்பட. சாமானை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நாளைக்கு எது எத்தனை போகும் என்று அவர்கள் முதலில் ஊகிக்க வேண்டும். வானிலை என்ன, பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழாவா, எதிரே கட்டட வேலை நடக்கிறதா. ஊகித்து ஆர்டர் போட்டு, மறுநாள் பில் கணக்கைத் திறந்து ஊகம் பலித்ததா என்று பார்க்க வேண்டும். கணக்கு சொல்கிறபடி ஆர்டர் போடுவதில்லை, போட்ட ஊகத்தைக் கணக்கால் உரசிப் பார்ப்பது. வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடும். நேற்றைய கணக்கை முதலில் பார்த்தால் நேற்று போலவே இன்றும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வானிலை விஷயத்திலும் சுசுகிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெப்பமானி எண்ணை மட்டும் பார்க்காதே என்பார். அதே 20 டிகிரி, குளிர்காலத்தின் நடுவே வந்தால் ஆட்களுக்கு உஷ்ணம், கோடையில் வந்தால் குளிர். வாங்குகிறவன் நேற்றோடு ஒப்பிட்டுத்தான் இன்றை உணர்கிறான். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் வெயில் அடித்தால் எங்கள் கடையில் சர்பத் பாட்டில் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனை இயந்திரம் வைத்திருந்தும், கடைகளுக்குப் போய் ஆலோசனை சொல்கிற ஊழியர்களை நாடு முழுவதிலிருந்தும் தோக்கியோவுக்கு வரவழைத்து, நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசுவதைப் பல காலம் விடாமல் நடத்தினார்கள். கூட்டத்துக்கு ஆகிற ரயில் செலவைப் பார்த்து மற்ற கம்பெனிகள் வியந்தன. கடைசியில் 1991இல், நொடித்துப்போன அமெரிக்கத் தாய்க் கம்பெனியையே ஜப்பான்காரர்கள் வாங்கினார்கள்.

சாமியாடிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் பாவம். இதே செவன்-இலெவன் ஜப்பானுக்கு 2009 ஜூனில் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. காலாவதி நெருங்கும் உணவை விலை குறைத்து விற்கக் கடைக்காரர்களை விடாமல் தடுக்கிறாய், அதை நிறுத்து என்று. ஏன் தடுத்தார்கள்? தலைமையகத்துக்குப் போகும் பங்கு மொத்த லாபத்தில் கணக்கிடப்படும். அந்தக் கணக்கில் குப்பைக்குப் போன சரக்கின் விலை கழியாது. ஆக, தூக்கிப் போட்ட சோற்றுருண்டையின் நஷ்டம் கிட்டத்தட்ட முழுக்கக் கடைக்காரர் தலையில், ‘இல்லை’ சொல்லாமல் விற்ற சோற்றுருண்டையின் லாபத்தில் தலைமையகத்துக்குப் பங்கு. அப்படியானால் தலைமையகம் எந்த நஷ்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்படும்? உத்தரவுக்குப் பிறகு கழிவில் 15 சதவீதத்தை ஏற்கிறோம் என்றார்கள். எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் நான் இப்போது கேட்கிற முதல் கேள்வி, இது தப்பானால் காசு யாருடையது என்பதுதான். நாட்டு மருந்து அடுக்கைக் காலி பண்ணச் சொன்னபோது என் காசு ஒரு பைசா கூட அதில் இல்லை.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். “ஜப்பான்காரன் நோட்டுப் போட்டானா?” என்று மட்டும் கேட்டார். நோட்டு இல்லை, ஆனால் அந்தக் காலத்தில் பில் போடும்போது வாங்குகிறவர் ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது என்று பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கல்லாவே திறக்குமாம் என்றேன். அவசரத்தில் கைக்கு எட்டிய பொத்தானை அழுத்துகிறவர்களும் உண்டாம் என்றதும் பில் போடும் அக்கா சத்தமாகச் சிரித்தார். ‘இதர’ ஞாபகம் வந்திருக்கும்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று. உலகத்தில் வியாபாரக் கணக்குக்காகவே முதலில் கட்டிய கம்ப்யூட்டர் எந்தக் கம்பெனியுடையது தெரியுமா? டீக்கடைக் கம்பெனி! லண்டனில் ஜே. லயன்ஸ் என்று ஒன்று, தேநீர் விடுதிகளும் ரொட்டி, கேக் ஆலையும் வைத்திருந்தார்கள். லியோ என்று பெயர் வைத்து அவர்களே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, 1951 நவம்பரில் ரொட்டி ஆலைக் கணக்கைப் போட்டார்கள். 1954இல் தேநீர் விடுதிகளின் தினசரி ஆர்டரை அதில் ஏற்றினார்கள். ஒவ்வொரு விடுதிக்கும் எந்தக் கிழமைக்கு என்ன வேண்டும் என்ற வழக்கமான ஆர்டர் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். விடுதியை நடத்துகிற அம்மாள் தினமும் போனில் பேசி, மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். நாளைக்குக் கேக் பத்து கூடுதல், ரொட்டி அஞ்சு குறைவு. காதில் ஹெட்போன் மாட்டிய பெண் கேட்டுக்கொண்டே அட்டையில் துளை போடுவாள். வழக்கத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், வழக்கத்துக்கு மாறானதை அந்த அம்மாள் பார்த்துக்கொள்வாள். எழுபது வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு வருகிற சாஃப்ட்வேர்களில் பல அந்த போனைத்தான் முதலில் துண்டிக்கின்றன.

சரி, பீரும் டயப்பரும் கதையைச் சொல்லவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். எம்.பி.ஏ. படித்த ஒவ்வொருவரும் எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் டயப்பர் வாங்க வரும் அப்பாமார் பீரும் வாங்குகிறார்கள் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது, கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள், விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. நடந்தது என்னவென்றால், 1992இல் அமெரிக்காவில் ஆஸ்கோ என்கிற மருந்துக்கடைத் தொடரின் சுமார் 25 கடைகள், 12 லட்சம் பில்கள். சாயங்காலம் 5 முதல் 7 மணிக்குள் அந்த இரண்டும் சேர்ந்து வருகிறது என்று ஆய்வில் தெரிந்தது உண்மை. அப்பாமாரெல்லாம் பின்னால் சேர்ந்தவர்கள். கடைக்காரர்கள் எதையும் எங்கும் நகர்த்தவில்லை. உலகத்திலேயே அதிகம் சொல்லப்பட்ட டேட்டா கதையில், முடிவு என்று ஒன்றை யாரும் எடுக்கவே இல்லை! என் ரிப்போர்ட்டுகள் பலவற்றின் கதியும் அதுதான் என்பதால் எனக்கு அந்தக் கதைமேல் பாசம் உண்டு.

கோவில்பட்டிக்குத் திரும்புவோம். கருப்பட்டிக்கு அடுத்து நான் முட்டிக்கொண்டது காலண்டரில். 2024 அக்டோபரில் டேஷ்போர்டு பச்சை அம்புகளாகப் பூத்துக் குலுங்கியது. போன அக்டோபரை விட அபார வளர்ச்சி. நவம்பரில் எல்லாம் சிவப்பு. நான் பதறி போன் பண்ணினால் சித்தப்பா, “தீவாளி எப்ப வந்துச்சு?” என்றார். 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. மாவும் எண்ணெயும் நெய்யும் வாங்குகிற இரண்டு வாரம் முழுக்க ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு நகர்ந்திருந்தது. வளர்ச்சியும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. 2025இல் இன்னும் முன்னால், அக்டோபர் 20.

சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது இங்கிலீஷ் மாதம். எங்கள் ஊர் வாங்குவது இன்னொரு காலண்டரில். அதிலும் இரண்டு இருக்கின்றன. கார்த்திகை முதல் தேதி எந்த வருஷமும் நவம்பர் நடுவில்தான் வரும். அன்றைக்கு மாலை போடுகிறவர்களுக்கான நெய், கற்பூரம், பன்னீர் எல்லாம் இங்கிலீஷ் தேதியோடு பொருந்திப் போகும். ஆனால் திதி நகரும். ஆடி அமாவாசை 2024இல் ஆகஸ்ட் 4, 2025இல் ஜூலை 24. தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் வாங்குகிற குளுக்கோஸும் பிஸ்கட்டும் அதோடு நகரும். புரட்டாசி பிறந்தால் கறி மசாலா படுத்துவிடும், நவராத்திரிக்குக் கொண்டைக்கடலை எழுந்து நிற்கும். இது போக, தீப்பெட்டி ஆபீஸ்களில் சம்பளம் போடுகிற சனிக்கிழமை.

ஒரு பொங்கல் லீவில் சித்தப்பா தினசரிக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு தாள் தாளாகப் புரட்டிச் சொல்ல, நான் தேதிப் பட்டியலில் ஏற்றினேன். தமிழ் மாதம், அமாவாசை, பௌர்ணமி, சஷ்டி, முகூர்த்த நாள், சம்பள நாள். இரண்டு ராத்திரி ஆனது. “மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் வேண்டாமா? அதுக்கும் அம்பு போடலாம்லா?” என்று கேட்டுக்கொண்டே சொன்னார். இன்றைக்கு அந்தக் கடையில் இருக்கிற சிஸ்டத்தில் உருப்படியானது எது என்று கேட்டால் அந்தப் பட்டியலைத்தான் சொல்வேன். இந்த அமாவாசையைப் போன அமாவாசையோடும், கல்யாண மாதத்தைக் கல்யாண மாதத்தோடும் ஒப்பிட்டதும் அம்புகள் பாதி காணாமல் போய்விட்டன. மிச்சம் நிற்கிற அம்பு எதையோ சொல்கிறது.

ஆணியில் நோட்டு மறுபடி தொங்குகிறது. ஆச்சி லிஸ்ட் முழுசாகத் திரும்பவில்லை. பாதி இங்கே, பாதி பைபாஸில். நாட்டு மருந்து அடுக்கு வந்துவிட்டது, நல்ல இடத்தில் இல்லை, ஓரமாக. அதை நான் கேட்கவில்லை. நோட்டைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகலாமா என்று ஒரு தடவை முயன்றேன். பில் போடும் திரையில் ‘இல்லை’ என்று ஒரு பொத்தான். கூட்ட நேரத்தில் யாரும் அழுத்தவில்லை. பேனாவால் கோடு போட அரை விநாடிதான். அதனால் வாரம் ஒரு தடவை சித்தி பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறார், நான் ஏற்றிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்தது ஒரு விஷயம்தான். புதுச் சரக்கு எது வாங்கினாலும், எத்தனை நாளில் தீரும் என்று ஆளுக்கு ஓர் எண்ணை வந்து இறங்குவதற்கு முன்பே கடைசிப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். சித்தப்பா, சித்தி, பில் போடும் அக்கா, சரக்கு எடுத்துத் தருகிற அண்ணன், சென்னையிலிருந்து நான். ரிப்போர்ட்டை அப்புறம்தான் திறக்கலாம். இதுவரை பார்த்ததில் பில் போடும் அக்காவை யாரும் நெருங்க முடியவில்லை.

போன வாரம் சித்தப்பா போன்.

“பாப்பா, சியான்னா என்னது? நாலு கோடு விழுந்திருக்கு. சப்ஜா வெத இருக்கு, அதத் தாறேன்னா வேண்டாங்கான்.”

“நாலு பேரு கேட்டாங்களா, ஒரே ஆளு நாலு தடவ கேட்டாரா?”

“அத எழுதலியே.” கொஞ்சம் யோசித்தார். “மருந்துக்கட மாடியில ஜிம்மு ஒண்ணு தொறந்திருக்கான்லா. அங்கருந்துதான் வாறாங்கன்னு நெனைக்கேன். ரெண்டு கிலோ வாங்கிப் போடுதேன். எத்தன நாள்ல போகும், சொல்லு.”

பன்னிரண்டு என்றேன். பின்னாலிருந்து அக்காவின் குரல், “அஞ்சு.”

எழுதி வைத்திருக்கிறார்கள். சரக்கு செவ்வாய்க்கிழமை இறங்குகிறது.